முப்பத்திரண்டு இன்ச், இருபத்திரண்டு அவுன்ஸ்

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எனக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியவள் நான். மூன்று கடைகளின் பட்டியலை ஒப்பிட்டு, இருப்பதிலேயே மலிவானதைப் பரிந்துரைத்தவளும் நான். ஆகவே அது எட்டாவது மாதம் நின்றுபோனபோது எனக்கு வருத்தமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. முப்பத்தோரு வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவள். ஜீப் டயர், கொசு மருந்து, இரும்பு பீரோ, பிணவறைக்கு ஐஸ் பெட்டி என்று நான் வாங்காத பொருள் கிடையாது. அவற்றில் ஒன்றைக்கூட நான் பயன்படுத்தியது கிடையாது.

இப்படிப்பட்ட ஒருத்தியின் கைக்கு ஒரு சாப்ட்பால் பேட் வாங்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. வந்து சேரவில்லை, நானே போய்ப் பிடுங்கிக்கொண்டேன் என்பது என் மருமகளின் கட்சி. அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மருமகளுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கல்லூரியில் தொடங்கிக் குழந்தை உண்டாகும்வரை மாவட்டப் பெண்கள் அணியில் சாப்ட்பால் ஆடியவள். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் வீட்டு மேசையில் பலகாரத் தட்டு வைக்க இடமில்லாமல் நான்கு கோப்பைகளை எடுத்துக் கட்டிலில் போட்டார்கள். இப்போது ராஜபாளையத்தில் எங்களோடு இருக்கிறாள். ஒரு நூற்பாலையின் ஆய்வகத்தில் நூலை நிறுத்தும் இழுத்தும் பார்ப்பது வேலை. குழந்தை பிறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இடையில் இரண்டு வருடம் பந்தைத் தொடவில்லை.

சாப்ட்பால் என்றால் ஏதோ பஞ்சுப் பந்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வீட்டில் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விளாம்பழம் அளவு, விளாம்பழத்தின் கெட்டி. இதை எதிரே நாற்பது சொச்சம் அடி தூரத்தில் ஒருத்தி நின்றுகொண்டு, கையைக் காற்றாலை மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து எறிவாள். பந்து கையைவிட்டுக் கிளம்பி வந்து சேர்வதற்குள் நாம் ஒரு முறை கண்ணைச் சிமிட்டலாம். இரண்டாவது முறை சிமிட்டினால் பந்து பின்னால் இருப்பவளின் தோல் கையுறைக்குள், அதாவது கிளவுக்குள், கிடக்கும்.

ஆடி மாதம் மாவட்ட அணிக்குத் தேர்வு என்று சேதி வந்தது. மருமகள் அணியின் கோச்சைப் போய்ப் பார்த்தாள். அவர் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். வெயிலில் காய்ந்து காய்ந்து, சொற்களையும் காயவைத்துவிட்ட மனிதர்.

"குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டாராம்.

"நல்லா இருக்கு சார்."

"சந்தோஷம். உனக்கு வயசு இருபத்தெட்டு. பின்னாடி பதினெட்டு வயசுல பத்துப் பேரு நிக்குதாளுக. ஆளுக்கு நாலு பந்து. அதுல ரெண்டு உள்கட்டத்தத் தாண்டி வெளி மைதானத்துக்குப் போகணும். போச்சுன்னா டீம்ல இரு. போகலைன்னா இனிமே ஸ்கோர் எழுத வா."

அதோடு விடவில்லை. அவளுடைய பழைய அலுமினிய பேட்டை வாங்கி, ஒரு இரும்பு வளையத்தை அதன் தலைவழியே விட்டுப் பார்த்திருக்கிறார். சரியான பேட் என்றால் வளையம் முழுக்க இறங்கிவிடும். இவளுடையதில் பாதியில் நின்றது. எங்கோ நசுங்கியிருக்கிறது. நசுங்கிய பேட் ஆட்டத்துக்கு ஆகாது. அணியின் பொது பேட் இரண்டும் உலக்கைக் கனம். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. பேட் இல்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மருமகள் அழவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஸ்கோர் எழுதவும் ஆள் வேணும்லா அத்தே."

அந்த ஒரு வரி என்னைக் கிளப்பிவிட்டது. புதிதாக ஒரு ஃபைல் அட்டை எடுத்தேன். "பொருள்: சாப்ட்பால் பேட், ஒன்று" என்று தலைப்பு எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு நான் திறந்த முதல் ஃபைல். எழுதும்போது கை எவ்வளவு சந்தோஷமாக ஓடியது என்பதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலில் உள்ளூர்ச் சந்தை ஆய்வு. ராஜபாளையத்தில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் கேட்டேன். கடைக்காரர் ஒரு தடித்த கறுப்பு பேட்டைத் தூக்கி மேசைமேல் போட்டார்.

"இது பேஸ்பால் பேட் இல்ல?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. கார் சீட்டுக்கு அடியில வைக்கத்தான? இது நல்லாப் பொருந்தும்."

"விளையாடுறதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "விளையாடவா? யாரும்மா விளையாடப்போறது?" அவருடைய அனுபவத்தில் இந்தப் பொருளை வாங்கியவர்கள் எல்லாம் நாய்க்கும் திருடனுக்கும் பங்காளிக்கும் பயந்தவர்கள்.

ரெண்டும் ஒன்றல்ல என்பதை நான் விதிப் புத்தகத்தில் படித்திருந்தேன். சாப்ட்பால் பேட்டின் தலை இரண்டே கால் இன்ச் குறுக்களவுக்கு மேல் போகக்கூடாது. பேஸ்பால் பேட் அதைவிடப் பருமன், வளையத்துக்குள் நுழையவே நுழையாது. நீளம் முப்பத்து நாலு இன்ச்சைத் தாண்டக்கூடாது. அங்கீகார முத்திரை அழியாமல் தெரிய வேண்டும். சாப்ட்பாலிலேயே மெதுவாக எறியும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கான பேட்டுக்கு நுனியில் கனம் வைத்திருப்பார்கள். வேகமாக எறியும் ஆட்டத்துக்கு அது ஒத்துவராது. இவ்வளவையும் ஒன்றரைப் பக்கம் விவரக்குறிப்பாக எழுதினேன். மதுரையிலும் கோவையிலும் உள்ள கடைகளுக்கு அனுப்பினேன். பதில்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். உயரத்துக்கும் எடைக்கும் எத்தனை இன்ச் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. மருமகள் ஐந்தடி மூன்று அங்குலம். எடையை அவளிடம் கேட்காமல், பிரசவ நேரத்து ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து எடுத்தேன். பட்டியல் முப்பத்து மூன்று இன்ச் என்றது.

அடுத்து கனம். இதில் 'டிராப்' என்று ஒரு கணக்கு. நீளத்தின் இன்ச்சிலிருந்து எடையின் அவுன்ஸைக் கழித்தால் வருகிற எண். முப்பத்து மூன்று இன்ச் பேட் இருபத்தைந்து அவுன்ஸ் இருந்தால் டிராப் எட்டு. எண் கூடக்கூட பேட் லேசாகும். எட்டில் ஒரு பேட், பத்தில் ஒரு பேட், பதினொன்றில் ஒரு பேட் என் அட்டவணையில் இருந்தன. நான் எட்டைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் கேட்டால், இரும்பு பீரோவை நான் எப்போதும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். கனமானதில் உலோகம் அதிகம், உலோகம் அதிகமானால் உழைக்கும்.

எங்கள் அலுவலகப் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. 'பயன்படுத்துவோர் கருத்து.' பொருளை யார் கையாளப்போகிறார்களோ அவர்களிடம் கொடுத்து, பார்த்துச் சொல்லச் சொல்லி, எழுதி வாங்க வேண்டும். யாருக்கு நேரம்? முப்பத்தோரு வருடமும் அந்தக் கட்டத்தில் 'திருப்தி' என்று நானே எழுதிவந்தேன். இந்த ஃபைலிலும் எழுதினேன். மருமகள் பக்கத்து அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பேட் மதுரையிலிருந்து கூரியரில் வந்தது. நீலமும் வெள்ளையும், பளபளவென்று. என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டிப் பார்த்தார். "பாத்திரக்கடைச் சத்தம் கேக்கே" என்றார். மருமகள் ஒரு முறை கையில் வாங்கி எடைபார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் ஏதோ வந்து போனது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தே."

மாமியார் பார்த்துப் பார்த்து வாங்கித் தந்ததை எந்த மருமகள் கனம் என்று சொல்வாள்? சேலை எடுத்துக் கொடுத்தாலும் இதே பதில்தான் சொல்லியிருப்பாள். எனக்கு அது அன்று உறைக்கவில்லை. ஃபைலில் எழுதியது நிரூபணமாகிவிட்டது என்றுதான் மகிழ்ந்தேன்.

இரண்டு வாரம் தினமும் காலையில் பயிற்சிக்குப் போனாள். மூன்றாம் வாரத் தொடக்கத்தில் ஒரு நாள், இட்லிக் கொப்பரையை இடது கையால் மட்டும் இறக்குவதைப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் காயத்துணி சுற்றியிருந்தது. எங்கள் ஊரில் காயத்துணிக்குப் பஞ்சமே இல்லை. சுற்று வட்டாரமே நெய்து அனுப்புகிறது. ஆனால் அதைக் கட்டிக்கொள்ளக் காரணம் வேண்டுமல்லவா?

"என்னட்டி கையில?"

"ஒண்ணுமில்ல அத்தே. லேசா பிடிச்சிருக்கு."

மறுநாள் அவளுக்குச் சொல்லாமல் மைதானத்துக்குப் போனேன். முப்பத்தோரு வருடத்தில் நான் வாங்கிய ஒரு பொருள் வேலை செய்வதைப் பார்க்க நேரில் போனது அதுதான் முதல் தடவை. வலைக்குப் பின்னால் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றேன். ஒரு பெண் எறிந்தாள். முதலில் பந்து கிளவுக்குள் விழுந்த 'சத்' என்ற ஓசை. அதற்குப் பிறகு மருமகளின் பேட் காற்றை அறுக்கும் ஓசை. வரிசை தப்பாக இருந்தது. அடுத்த பந்து, அதே வரிசை. பதினோரு பந்து எண்ணினேன். மூன்றில் பட்டது. மூன்றும் வலப்பக்கம் சாய்ந்து போயின. பேட்டின் தலை நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் மணிக்கட்டை உதறினாள்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பேட்டு கனமா இருக்கா?"

துணி சுற்றிய கையைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, உன்னத்தான். நான் மாமியாரா கேக்கல. கொள்முதல் பிரிவுலேர்ந்து கேக்கேன்."

சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள். "அத்தே, வந்த அன்னைக்கே லேப்ல கொண்டுபோயி நிறுத்துப் பாத்தேன். இருபத்தஞ்சு அவுன்ஸ்னா எழுநூத்தி ஒம்போது கிராம் வரணும். எழுநூத்தி அம்பத்திரண்டு காட்டுது. நாப்பதாம் நம்பர் நூலுன்னு சீட்டு ஒட்டி முப்பத்தேழு குடுத்த மாதிரி."

நூலின் நம்பர் என்பது நீளத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கு. நம்பர் கூடினால் நூல் லேசு. பேட்டின் டிராப்பும் ஏறத்தாழ அதே கதைதான். நாள் முழுக்க இதைச் செய்து சம்பளம் வாங்குகிறவள் என் வீட்டிலேயே இருந்தாள். எட்டு என்று எழுதியிருந்த பேட்டின் உண்மையான டிராப் ஆறரை. உற்பத்தியாளர் எழுதியதை அப்படியே நம்பி 'விவரக்குறிப்பின்படி பெறப்பட்டது' என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். நீங்க அவ்வளவு ஆசையா ஃபைல் போட்டிருந்தீங்க."

ஆட்டோவில் எதிரே இருந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். அந்தக் கட்டத்தில் எத்தனை முறை 'திருப்தி' என்று எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். எத்தனை பேர் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டார்களோ?

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அன்று மாலையே கிருஷ்ணன்கோவிலுக்குப் போனோம். அங்கே ஒரு கல்லூரியில் படிக்கிற பெண்கள் சாப்ட்பால் பயிற்சி எடுக்கிறார்கள். அவர்களைப் பழக்குகிறவள் மருமகளோடு ஒரே அணியில் ஆடியவள். ஒரே கோணிப்பையில் ஏழெட்டு பேட் இருந்தன. நான் இன்ச் டேப்பும் சமையலறைத் தராசும் நோட்டும் கொண்டுபோயிருந்தேன்.

"அக்கா, இவிய உங்க மாமியாரா?" என்றாள் ஒருத்தி. "தராசெல்லாம் கொண்டாந்திருக்காங்க. காய்கறி வாங்க வந்தவியளோன்னு நெனச்சேன்."

"மாமியாரா இருந்தும் பேட்ட மருமக கையில குடுக்குதாங்களே, அதச் சொல்லுங்கடி" என்றாள் இன்னொருத்தி.

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அளந்தேன், நிறுத்தேன், அவள் சொன்னதை எழுதினேன். ஒவ்வொரு பேட்டையும் ஒரு கையால் பிடித்துத் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டி நின்றாள். முப்பது எண்ணும்வரை நுனி தாழாமல் இருந்தால் அந்தக் கனம் அவளுக்கு அடங்கும். நான் வாங்கிய பேட் பன்னிரண்டில் நடுங்கி, பதினைந்தில் தரையைப் பார்த்தது. பிறகு அடிக்கும் இடத்தில் நின்று, பேட்டின் நுனி எதிர் ஓரத்துப் பந்தைத் தொடுகிறதா என்று பார்த்தாள். முப்பத்தோரு இன்ச் எட்டவில்லை. முப்பத்திரண்டு எட்டியது. முப்பத்து மூன்று தேவைக்கு மேல் போனது.

கனம் தப்பு என்றால் லேசானதுதான் சரி என்று நான் உடனே முடிவுகட்டினேன். இருபது அவுன்ஸ் பேட் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவளும் சுற்றிப் பார்த்தாள். வேகமாகத்தான் சுற்றியது. பந்து வந்து பட்டதும் பேட்டே பின்னுக்குப் போனது. பந்து இரண்டு தட்டுத் தட்டிப் பக்கத்திலேயே கிடந்தது.

"இது பந்துக்குப் பயந்த பேட்டு அத்தே" என்றாள். "எதுத்து நிக்கக் கொஞ்சம் கனம் வேணும். நேரத்துக்கு வந்து சேரக் கொஞ்சம் லேசு வேணும்."

ஒன்பதாவது சோதனையில் முப்பத்திரண்டு இன்ச், டிராப் பத்து. இருபத்திரண்டு அவுன்ஸ். அதைக் கையில் எடுத்ததும் அவள் தோள் இறங்கியது, பிடி தளர்ந்தது. பந்து வந்தது. இந்த முறை கிளவுக்கு வேலையே இல்லை. 'டிங்' என்று ஒரு ஓசை. பந்து தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தவளின் தலைக்கு மேலே போனது. அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். நோட்டில் எழுதினேன்: 'இதுதான்.' எழுதியது நான், சொன்னது அவள்.

அது கல்லூரிப் பெண்ணின் சொந்த பேட். இரவல் கிடைக்காது. எங்களுக்கு மதுரைக் கடைதான் வழி. சனிக்கிழமை இரண்டு பேரும் பேருந்து ஏறினோம். நீலவெள்ளை பேட்டை ஒரு துணிப்பையில் போட்டிருந்தேன், கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "யார அடிக்கப் போறீங்கம்மா?"

"கடைக்காரர" என்றேன்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் விற்ற பொருளைத் திருப்பி வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சுவரில் அதைப் பெரிய எழுத்தில் ஒட்டியும் வைத்திருந்தார்.

"திருப்பித் தர வரல," என்றேன். "நீங்க அனுப்பினது நான் கேட்ட பொருள் இல்ல. அதச் சொல்ல வந்தேன்."

பில்லை வைத்தேன். அதில் 'முப்பத்து மூன்று இன்ச், இருபத்தைந்து அவுன்ஸ்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். என் விவரக்குறிப்பின் நகலை வைத்தேன். தராசை வைத்தேன். பேட்டைப் படுக்க வைத்தேன். எழுநூற்று ஐம்பத்திரண்டு.

"அம்மா, அது கைப்பிடியில சுத்துன கிரிப்போட வெயிட்டு. கம்பெனி கிரிப் இல்லாமத்தான் போடுவான்."

"கிரிப் இல்லாம யாராவது அடிப்பாங்களா?"

"அப்படி இல்லம்மா..."

"நாலு அவுன்ஸ் காப்பித்தூள் கேட்டா டப்பாவோட சேத்து நிறுத்துக் குடுப்பீங்களா?"

கடைக்காரர் தராசைப் பார்த்தார், என் ஃபைலைப் பார்த்தார், ஃபைலின் தடிமனைப் பார்த்தார். அதில் இன்னும் என்னென்ன இருக்குமோ என்று பயந்திருக்க வேண்டும். உண்மையில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள்தான். "உள்ள வாங்க, வேணுங்கிறத எடுத்துக்கோங்க" என்றார்.

முப்பத்திரண்டு இன்ச்சில் டிராப் பத்து இரண்டு இருந்தன. ஒன்று காம்போசிட் என்கிற நார்க்கலவை, பார்க்க அழகு, விரல் வைத்தாலே வழுக்கும் கறுப்பு. மற்றது அலுமினியம். என் கை தன்னால் கறுப்பின் பக்கம் போனது. மருமகள் தலையை ஆட்டினாள்.

"இது பழக்கின பொறவுதான் பேசும் அத்தே. கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பி எரநூறு பந்தாவது அடிச்சு எடுக்கணும். நமக்கு அதுக்கு நாளில்ல. அலுமினியம் இன்னைக்கே அடிக்கும்."

அலுமினியத்தைத் தராசில் வைத்தாள். இருபத்திரண்டு அவுன்ஸுக்கு அறுநூற்று இருபத்து நாலு கிராம் வர வேண்டும். அறுநூற்று முப்பத்தாறு காட்டியது.

"நாப்பதுக்கு முப்பத்தொம்போது. பாஸ்" என்றாள். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தோளுக்கு நேராக நீட்டினாள். கடைக்காரரும் நானும் சேர்ந்து எண்ணினோம். முப்பதுக்கு நுனி அசையவில்லை. கடைக்காரர் நாற்பதுவரை எண்ணிக்கொண்டே போனார்.

தேர்வு ஸ்ரீவில்லிபுத்தூரில், மேற்கே மலை தெரிகிற ஒரு மைதானத்தில். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் பேட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க வந்தார். தலைப் பாகத்தில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று விதி இருப்பதை எடுத்துச் சொன்னேன். கைப்பிடியின் அடிக்குமிழில் வைக்க அனுமதி கொடுத்தேன். "ஆண்டாளுக்கு எங்க வச்சாலும் தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். பேத்தியை அவரிடம் விட்டுவிட்டுப் போனோம்.

கோச் ஒவ்வொரு பேட்டாக வளையம் விட்டுப் பார்த்தார். இவளுடைய பேட்டில் வளையம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. முத்திரையைப் பார்த்தார். குமிழிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

"பேட்டோட வந்தேன்."

ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கி மைதானத்தின் குறுக்கே புழுதியைத் தள்ளிக்கொண்டிருந்தது. அடிக்கும் இடத்தில் நிற்பவளுக்கு எதிர்க்காற்று. உயரத் தூக்கி அடித்தவர்களின் பந்தையெல்லாம் காற்று பிடித்து நிறுத்திக் கீழே போட்டது. மருமகளுக்கு முன்னால் ஆறு பேர் அடித்தார்கள். ஒருத்திதான் இரண்டு பந்தை வெளி மைதானத்துக்கு அனுப்பினாள்.

இவள் போய் நின்றாள். நான் வலைக்குப் பின்னால். பந்தைப் பிடிக்கக் குனிந்து உட்கார்ந்திருந்த கேட்சர் பெண் நிமிர்ந்து பார்த்துச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "புது பேட்டாக்கா? நல்லா இருக்கு. எனக்கும் வேர்க்கு, செத்த நேரம் விசிறுங்க."

முதல் பந்து. எறிந்தவள் கையை அதே வேகத்தில் சுற்றினாள், பந்து மட்டும் மெதுவாக வந்தது. மருமகள் ஏமாந்து முன்னாலேயே சுற்றிவிட்டாள். பந்து இடப்பக்கம் கோட்டுக்கு வெளியே ஓடியது. கோச் நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

இரண்டாவது பந்து வேகம். வரும்போதே மேலே எழும்பியது. பேட் அதற்குக் கீழே போனது. "நல்ல காத்து" என்றாள் கேட்சர். இன்னொரு பெருக்கல் குறி.

மீதி இரண்டு. இரண்டுமே போக வேண்டும். வலையைப் பிடித்திருந்த என் விரல்களில் கம்பி பதிந்துவிட்டது. பேட் சரிதானா, இல்லை இதுவும் தப்பா என்று மனசுக்குள் முழு ஃபைலையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மருமகள் ஓரமாக வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பேட்டை ஒரு தடவை மெல்லச் சுற்றிப் பார்த்தாள். பின்னங்காலை அரை அடி பின்னுக்கு வைத்தாள். இந்த பேட் நேரத்துக்கு வந்துவிடும், அவசரப்பட வேண்டாம் என்று அப்போது நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

மூன்றாவது பந்து. காத்திருந்தாள். நானாக இருந்தால் இரண்டு முறை சுற்றியிருப்பேன், அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகு பேட்டின் தலை வந்ததை நான் பார்க்கவில்லை. ஓசையைத்தான் கேட்டேன். பந்து ஆள் உயரத்துக்கு மேல் எழவில்லை. காற்று பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு நடுவே நேர்கோட்டில் போய், வெளி மைதானத்துப் புல்லில் விழுந்து ஓடியது.

கேட்சர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள்.

நான்காவது. எறிகிற பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இருக்கிற வேகத்தையெல்லாம் சேர்த்து எறிந்தாள். மீண்டும் அந்த எழும்பும் பந்து. இந்த முறை பேட் அதோடு எழும்பியது. 'டிங்' என்ற ஓசை வலைக்கம்பி வழியாக என் கைக்கு வந்தது. இடப்பக்கம் நின்றவள் முதலில் இரண்டு அடி முன்னே வந்தாள், பிறகு நின்றாள், பிறகு திரும்பி ஓடத் தொடங்கினாள். ஓடிப் பயனில்லை. பந்து எதிர்க்காற்றை அறுத்துக்கொண்டு போய் மேற்குச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அறுபது வயதில், சேலைத் தலைப்பு புழுதியில் புரள, அரசு ஓய்வூதியம் வாங்கும் ஒருத்தி கத்தக்கூடிய எதுவும் அல்ல. கோச் திரும்பி, "அம்மா, அமைதியா இருங்க, இது செலக்‌ஷன்" என்றார். அவர் குரலும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

மருமகள் பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்சரிடம் குனிந்தாள். "காத்து போதுமாட்டி?"

"போதும்க்கா," என்றாள் அந்தப் பெண். "குளிருதே."

பிற்பகல் மரத்தடியில் பட்டியலை வாசித்தார்கள். பதினாறு பேரில் நான்காவது பெயர் அவளுடையது. மூன்றாவது பேஸ் என்கிற காவல் முனையில் அவளுடைய பழைய இடத்தையே கொடுத்திருந்தார்கள். அவளைவிடப் பத்து வயது சின்னவள் ஒருத்தி ஓடிவந்து, பேட்டை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். கோச் உடுப்புக்கு அளவு எழுதிக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"ஜெர்சி என்ன சைஸ்?" என்று கேட்டார். மருமகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் என்னைத்தான் பார்த்தார்.

மீடியம் என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உயரம் தெரியும், அளவு தெரியும், பட்டியலும் மனப்பாடம். வாயை மூடிக்கொண்டு அவள் குடித்து முடிக்கும்வரை நின்றேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"லார்ஜ் சார்," என்றாள். "கை வீசணும்."